மாதத்தின் மேல் எழுதிய பெயர்

ஜூலை 2, செவ்வாய்

முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. பேருந்துப் பணிமனையில் அடுத்த அரையாண்டுக்கான இலவசப் பயண டோக்கன்களை வழங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எதிர்வீட்டு அருளாளர் சொன்னார். வரிசை மதிலைத் தாண்டித் தேநீர்க் கடை வரை நிற்கிறதாம். அறுபது கடந்தவர்களை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி அவர்தம் முதுமையைக் கௌரவிக்கிறார்கள். கால் சரியான பின் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

தையல்நாயகி காலையில் புறப்பட்டுத் தாம்பரத்தில் தன் தங்கையைப் பார்த்துவிட்டு, வழியில் இறங்கிக் கொத்தவரங்காயும் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்குள் வீடு திரும்பினாள். சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றான நாள் முதல், நாற்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் நான் அவளுக்குக் காட்டாத ஊர்களையெல்லாம் அவளே கண்டு வருகிறாள். எனக்கோ மாதத்துக்குப் பத்தே டோக்கன்.

"அடுத்த பிறவியில பொம்பளையாப் பொறங்க. எண்ணாமப் போகலாம், எண்ணாம வரலாம்" என்றாள்.

"அடுத்த பிறவியே வேண்டா என்றுதானே இத்தனை வழிபாடும்?"

"அப்ப இந்தப் பிறவியிலயே எண்ணிக்கிட்டு இருங்க."

ஜூன் கடைசிப் பத்து நாளும் காய்ச்சலில் கிடந்ததால் அம்மாதத்து டோக்கன்களில் இரண்டு மீந்துவிட்டன. நாளை பிரதோஷம். ஒற்றியூர்க் கோவிலுக்குப் போக ஒன்று, வர ஒன்று. இறைவனே மீதம் வைத்ததுபோல் இருக்கிறது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து, கைக்கு வரும் சிறு தாள்களில் எல்லாம் 'சிவசிவ' என்று எழுதுவதை நோன்பாகக் கொண்டிருக்கிறேன். டோக்கன்களிலும் எழுதுவேன், எப்போதும் பின்பக்கத்தில். இவ்விரண்டில் மட்டும் முன்பக்கத்தில் எழுதினேன். பின்பக்கம் ஈரம் பட்டுச் சொரசொரத்திருந்தது. மை சற்றுக் கனமாக விழுந்துவிட்டது.

ஜூலை 3, புதன். பிரதோஷம்

கோவிலிலிருந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாலை மூன்றரை மணிப் பேருந்தில் நடத்துநன் ஒருவன், திருநாமம் எழுதிய தாளை ஐம்பது பேர் காண இரண்டாகக் கிழித்தான். ஒரு துண்டு அவன் காலடியில் கிடந்தது. பேருந்து முழுவதும் சிரித்தது. வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி ஒருத்தி எல்லாரினும் உரக்கச் சிரித்தாள்.

நந்தியெம்பெருமானுக்குப் பால் சொரிந்தபோதும் என் செவியில் அச்சிரிப்பே கேட்டது. நெடுநாள் நாவில் ஊறிய பதிகம் பாதியில் அறுந்துபோயிற்று. அருகில் நின்றவர் அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தார். எனக்கு! அடியெடுத்துக் கொடுத்தார்!

இதை விடலாகாது.

ஜூலை 4, வியாழன்

பூசைக்குப் பின் உட்கார்ந்து புகார் எழுதினேன். முப்பத்தாறு ஆண்டு பத்திரப்பதிவுத் துறையில் இருந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு சொல் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்பதை அறிவேன். முதற்படியில் 'கிழித்தார், ஒரு துண்டு கீழே விழுந்தது' என்றிருந்தது. வாக்கியம் தளர்ந்து கிடந்தது. 'கிழித்துத் தம் காலடியில் இட்டார்' என்று மாற்றிய பின்தான் நிமிர்ந்து நின்றது. 'முதியோருக்கு அரசு அளித்த உரிமையைப் பிச்சையென்றும், அவர்தம் பக்தியைப் பித்தென்றும் கருதுவோர் கையில் எம்மை ஒப்படைக்கலாமோ?' என்று முடித்தேன். திரும்பப் படிக்கையில் எனக்கே மெய்சிலிர்த்தது.

தையல்நாயகி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"டோக்கனைக் கிழிச்சுட்டா அப்புறம் எப்படிப் போனீங்க?"

"டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்."

"டோக்கன் இருக்கறப்ப டிக்கெட் எதுக்கு?"

"அதைத்தான் அவன் கிழித்துவிட்டானே."

"கிழிச்சதுக்கப்புறம் டிக்கெட் வாங்கச் சொன்னாரா? இல்ல, வாங்கச் சொன்னதுக்கப்புறம் கிழிச்சாரா?"

இவள் எந்த நீதிமன்றத்தில் பயின்றாளோ தெரியவில்லை. பால் பொங்குகிறது பார் என்றேன். பொங்கவில்லை.

புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு படியை எங்கள் பகுதி அடியார் திருக்கூட்டத்தின் செயலாளர் உலகநாதனுக்கும் அனுப்பினேன். அனுப்ப வேண்டிய தேவை ஏதும் இல்லை. நன்றாக எழுதியதை நாலு பேர் படிக்கட்டுமே என்று தோன்றிற்று.

ஜூலை 8, திங்கள்

பதில் இல்லை. கால் பரவாயில்லை. ஆயினும் டோக்கன் வரிசைக்குப் போகவில்லை. ஏனோ போக மனம் வரவில்லை.

ஜூலை 11, வியாழன்

உலகநாதன் வந்தார். நெற்றி நிறைய நீறு, கை நிறையக் கைப்பேசி.

"ஐயா, உங்க தமிழ் இருக்கே! கூட்டத்துல வாசிச்சேன். ரெண்டு பேர் அழுதே போயிட்டாங்க."

மகிழ்ந்தேன். மறைப்பானேன்.

"ஆள் யாருன்னும் கண்டுபிடிச்சாச்சு. பேரு சூசைநாதன்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "புரியுதுங்களா?"

"பெயர் புரிகிறது."

"வேத்து மதத்துக்காரன் நம்ம சாமி பேரைக் கிழிச்சிருக்கான் ஐயா. இது டோக்கன் விஷயம் இல்ல."

"அவர் சமயம் எதுவென்று எனக்கு அன்று தெரியாது. நான் எழுதியதிலும் அது இல்லை."

"நீங்க எழுத வேணாம். அதை நாங்க பாத்துக்கறோம். உங்க கையெழுத்து இருக்குல்ல, அது போதும்."

அவர் முகத்தில் கண்டதை வருத்தம் என்று சொல்ல இயலாது. பந்தியில் தன் இலைக்குப் பரிமாற வருவதைக் கண்டவனின் முகம் அது. அப்போதே 'வேண்டா' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

ஜூலை 15, திங்கள்

பேருந்து நிறுத்தத்துச் சுவரில் சுவரொட்டி. உச்சியில் ஒரு முழ உயரத்துக்குச் சிவப்பெழுத்தில் திருநாமம். அதன் கீழ், யாருடைய திருமணத்திலோ எடுத்த படத்திலிருந்து வெட்டிய ஒரு முகம். சந்தனப் பொட்டு, புதுச் சட்டை, பல் தெரியச் சிரிப்பு. 'இறைநாமத்தைக் காலால் மிதித்த நடத்துநர் சூசைநாதனைப் பணிநீக்கம் செய்!' அடிவரியில், 'மூத்த அடியார் சிவக்கொழுந்து ஐயாவின் கண்ணீருக்கு நீதி வேண்டும்!'

மிதித்தார் என்று நான் எழுதவில்லை. இட்டார் என்றுதான் எழுதினேன். நான் அழவும் இல்லை.

மாலையில் கடிதம் வந்தது. புகாருக்குள்ளான நடத்துநர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுள்ளார். இருபத்தைந்தாம் தேதி முற்பகல் பதினொரு மணிக்குப் பணிமனையில் விசாரணை. புகார்தாரர் நேரில் வரவேண்டும்.

தையல்நாயகி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "சுவத்துல உங்க பேரு நல்லா எடுப்பா இருக்கு."

ஜூலை 18, வியாழன். பிரதோஷம்

டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒற்றியூர் போனேன். நடத்துநர் வேறொருவர், என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கூட்டத்தில் நிற்கமாட்டாமல் காலியாக இருந்த ஓர் இருக்கையில் உட்கார்ந்த பிறகே, பக்கத்தில் இருப்பவள் அந்த மீன்காரி என்று கண்டேன். செங்கேணி என்று பெயராம். பின்னால் இருந்தவள் அப்படித்தான் அழைத்தாள்.

"இன்னா பெருசு, இன்னிக்கு துட்டு குட்த்து டிக்கெட்டா? சாமி பேரு எய்த பேனா கெடைக்கலியா?"

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினேன்.

"கூடை காலிதான். நாறாது. சொவத்துல இருக்குறது உன் பேருதான?"

"அம்மா, அன்று நீங்கள் சிரித்தீர்கள்."

"சிரிச்சேன். அந்தாளு சொன்னது அப்பிடி. அவுரு மெதுவா உன் காதாண்ட வந்து, 'ஐயா, இது போன மாசத்துது, டிக்கெட் எட்த்துக்குங்க'ன்னாரு. நீதான் பஸ்ஸே திரும்புற மாரி, 'திருநாமம் எழுதியிருப்பது தெரியவில்லையா'ன்னு கத்துன. அதுக்கு அவுரு, 'அதுதான் ஐயா தெரியுது, மாசந்தான் தெரியல'ன்னாரு. சிரிக்காம இன்னா பண்றது? வேற எவன் டோக்கனாவது இருந்தா நீயே சிரிச்சிருப்ப."

"கிழித்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

"செல்லாத டோக்கன கிழிக்காம பூ போட்டு கும்புடுவாங்களா? மறுக்கா ஓடும்னு கிழிக்கத்தான் செய்வாங்கோ."

"துண்டு காலடியில் கிடந்தது."

"டிரைவரு பிரேக் போட்டான், வுயுந்துச்சு. குனிஞ்சு எட்த்தது யாரு? அந்தாளுதான். கண்ணுல ஒத்திக்கினு உன்கிட்ட நீட்டுனாரு. நீ மூஞ்ச திருப்பிக்கின. நான் பாத்துக்கினுதான இருந்தேன்." கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நான் வந்து சொல்லுவேன். ஆனா மீன்காரி பேச்ச எவன் எய்திப்பான்? நீ படிச்சவன். நீ எய்துனா எய்துனதுதான். என் கண்ணு இன்னும் நல்லாத்தான் கீது பெருசு. உன் கண்ணுக்கு இன்னா?"

ஒற்றியூர் போகும் வழியில் எவரும் என்னிடம் கேட்கத் தகாத கேள்வி. அத்தலத்து மகிழ மரத்தடியில், பிரியேன் என்று ஒரு பெண்ணுக்குச் சத்தியம் செய்து கொடுத்து, பின் அதை மீறி ஊர் எல்லையைக் கடந்தபோது இரு கண்ணும் இழந்த அடியவரின் வரலாற்றை நாற்பது முறையாவது பிறருக்கு எடுத்துரைத்திருக்கிறேன். சந்நிதியில்தான் சத்தியம் நடக்கும் என்று எண்ணி, அப்போது நீர் அங்கே இராமல் மகிழின்கீழ் இரும் என்று இறைவனையே தம் தந்திரத்துக்குத் துணை அழைத்தார் அவர். அது தோழமையின் உரிமை என்று அழகாக விளக்கம் சொல்வேன். கேட்பவர் தலையசைப்பார்கள்.

இன்று அம்மரத்தின் பக்கம் போகாமல் வேறு வழியாகச் சுற்றி வந்தேன்.

ஜூலை 20, சனி

காய்ச்சல் இல்லை. பசியும் இல்லை. உலகநாதன் மூன்று முறை அழைத்தார், எடுக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

அவர் வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளிக்கதவைத் தாண்டாமலே நின்றார். சுவரொட்டியில் இருப்பதைவிட மெலிந்த முகம். "ஐயா வணக்கம். நான் சூசைநாதன்" என்றார். சுவர்தோறும் எழுதி ஒட்டியிருக்கும் பெயரை, எனக்குத் தெரியாது போலவே சொன்னார்.

"உள்ள வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க" என்றாள் தையல்நாயகி.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"புகார் கொடுத்தவரைப் போய்ப் பார்க்கவே கூடாதுன்னு யூனியன்ல சொன்னாங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் ஐயா. மாசந்தான் தெரியலன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க, அது தப்பு. பெரியவங்களைப் பத்துப் பேர் சிரிக்கற மாதிரி பேசியிருக்கக் கூடாது. வாய் தவறிடுச்சு. அதுக்கு மன்னிச்சிடுங்க."

மன்னிப்பு அவர் கேட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பதினொரு வருஷ சர்வீஸ்ங்க. ஒரு மெமோ வாங்குனதில்ல. வியாழக்கிழமை நீங்க எழுதினதையே சொன்னீங்கன்னா வேலை போயிடும். வேலை போனாக்கூட வேற ஏதாவது பாத்துக்கலாம் ஐயா. மிதிச்சவன்னு ஒட்டியிருக்காங்க. எங்க எதிர்வீட்டு அம்மா பொங்கலன்னைக்கு முதல் கரண்டி எங்க வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பும். நேத்து என்னைப் பாத்துட்டுக் கதவைச் சாத்துது. அந்தக் கதவு சாத்துற சத்தம்..." கை விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நீங்க என்ன பாத்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. கூட ஒண்ணும் வேணாம்."

"பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கலாம்! பத்திரம் பதியக் காத்திருப்பவரிடம் அலுவலகத்தில் சொல்லும் சொல். அது ஒன்றுதான் என் வாயில் இருந்தது.

அவர் போன பின், காப்பி குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன தையல்நாயகி, பூசையறையிலிருந்து ஒரு சிறு தாளோடு வந்தாள். திரும்பி வருவதற்கென்று எழுதி வைத்திருந்த இரண்டாவது டோக்கன். திருநீற்றுப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். சன்னலண்டை போய் அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல என்ன மாசம் போட்டிருக்கு?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"முப்பத்தாறு வருஷம் ஊர்ல இருக்கறவன் பத்திரத்தையெல்லாம் இப்படித்தானே சன்னல்கிட்டப் பிடிச்சுப் பாத்தீங்க. தேதியில சுரண்டல் இருக்கா, மேல எழுதியிருக்கான்னு. ஒருத்தனையாவது விட்டீங்களா?"

தாளை மேசைமேல் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஜூலை 23, செவ்வாய்

இந்த ஏட்டிலாவது உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

டோக்கனின் பின்பக்கம் ஈரம் படவில்லை. நன்றாக உலர்ந்திருந்தது.

'ஜூன்' என்று அச்சிட்ட இடத்தின்மேல் திருநாமத்தை எழுதினேன். ஒருமுறை எழுதியதில் எழுத்து மறையவில்லை. அதன்மேலேயே இரண்டாம் முறை எழுதினேன், மூன்றாம் முறையும் எழுதினேன். எழுதும்போது உதடு அதை உச்சரித்துக்கொண்டும் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லப் பார்க்கிறேன், கை ஓடவில்லை. காய்ச்சலில் வீணான இரண்டு பயணங்கள் என் உரிமை என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்த நியாயத்தை நடத்துநரிடம் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்பது இழிவு என்று பட்டது. மறைப்பது படவில்லை.

செய்யாற்றில் பணியில் இருந்தபோது ஒரு குடியானவர் பத்திரத்தோடு வந்தார். தேதியில் ஓர் எண்ணின்மேல் இன்னோர் எண். தூரத்திலிருந்து வந்தவர், அழுதார். திருப்பி அனுப்பினேன். 'தேதியில் கை வைத்தவன் எதிலும் கை வைப்பான்' என்று எழுத்தரிடம் சொன்னது நினைவிருக்கிறது. அந்த எழுத்தரும் தலையசைத்தார்.

ஆனால் என்னை உறங்கவிடாதது டோக்கன் இல்லை. அது சிறு பிழை. அவர் என் காதோடு சொல்லி, அத்துடன் விட்டிருப்பார். ஐம்பது பேர் சிரித்தபோது, என் பிழையைக் காட்டிலும் பெரிய பிழை ஒன்று அவரிடம் இருந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது எனக்கு. எங்கே கிடைக்கும் என்று தேடினேன். இறைவன் பெயரில் கிடைத்தது. அவர் குனிந்து எடுத்ததையும் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் நான் பார்த்தேன். செங்கேணி சொல்லித்தான் நினைவு வந்தது என்று எழுதினால் அதுவும் பொய். புகாரை எழுதும்போதும் அந்தக் காட்சி என் கண்முன் இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் வாக்கியத்தை நிமிர்த்தினேன்.

ஜூலை 25, வியாழன்

பணிமனை வாசலில் உலகநாதன் எட்டுப் பேரோடு நின்றார். கையில் பதாகை. "ஐயா, புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். எழுதினதை அப்படியே வாசிச்சுடுங்க. உங்க குரல்ல கேட்டாலே போதும்" என்றார்.

உள்ளே கிளை மேலாளர், ஐம்பது வயதுள்ள அம்மையார். பக்கத்தில் ஓர் எழுத்தர். சூசைநாதன் சுவரோரம் சீருடை இல்லாமல் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேலாளர் என் புகாரை உரக்கப் படித்தார். மெய்சிலிர்த்த அதே சொற்கள். இடையில் ஓர் எதுகைகூட இருந்தது. எழுதும்போது அதில் எத்தனை இன்பம் எனக்கு! அவரை வேலையை விட்டுத் துரத்தும் ஒரு வாக்கியத்தில் எதுகை தேடியிருக்கிறேன்.

"இது நீங்க எழுதினதுதானே ஐயா?"

"எழுத்து என்னுடையது. நடந்தது வேறு."

இரண்டாவது டோக்கனை மேசையில் வைத்தேன். குழல்விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஜூன்" என்றார் மெல்ல. எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார்.

நடந்ததைச் சொன்னேன். குனிந்து எடுத்ததையும் சொன்னேன். கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் சொன்னேன். சூசைநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் சிறிது நேரம் பேனாவை உருட்டினார். பிறகு தணிந்த குரலில், "ஐயா, வயசானவங்க. மறதி இருக்கும். புகாரைத் திரும்பப் பெற்றுக்கறேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும். காரணம் வேணாம். இதையெல்லாம் எழுதினா டோக்கன் வாங்கற உங்க பயண அட்டையை நான் ரத்து பண்ணணும்" என்றார்.

நல்ல உள்ளம். முதியோருக்கென்று உலகம் வைத்திருக்கும் சலுகைகளில் இதுவும் ஒன்று என்று அப்போது விளங்கிற்று. மறதி, தள்ளாமை, பாவம், போகட்டும். அந்த ஒரு வரியை எழுதினால் அவருக்கு வேலை மீளும். ஆனால் கிழவர் எதையோ மன்னித்துவிட்டார் என்று ஊர் சொல்லும். அவருடைய எதிர்வீட்டுக் கதவு திறக்காது.

சபலம் இல்லாமல் இல்லை. பேனாவை வாங்கி, முதல் வரியில் தேதியைத் தெளிவாக எழுதினேன். பிறகு ஒன்றரைப் பக்கம். இம்முறை எந்த வாக்கியத்தையும் நிமிர்த்தவில்லை. அட்டையை மேசைமேல் வைத்தேன்.

வெளியே வந்தபோது உலகநாதனுக்குச் செய்தி எட்டியிருந்தது.

"என்ன ஐயா பண்ணிட்டீங்க! எங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"சுவரொட்டிகளை எடுத்துவிடுங்கள்."

"திருநாமம் போட்டிருக்கே ஐயா. அதுல நாங்க கை வைக்க முடியுமா? மழை பெஞ்சா அதுவாப் போகும்." பதாகையைச் சுருட்டிக்கொண்டு எட்டுப் பேரும் போனார்கள்.

சூசைநாதன் பின்னால் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர் சொல்லவில்லை.

"இருபத்தெட்டு இடத்துல ஒட்டியிருக்காங்க ஐயா. சுத்திப் பாத்தேன். நான் அதுல கையை வெச்சா அதுக்கு ஒரு புகார் வரும்."

அவ்வளவுதான் சொன்னார். பணிமனைக்குள் திரும்பிப் போய்விட்டார்.

ஜூலை 26, வெள்ளி

காலை ஏழு மணிக்கு வாளியும் பழந்துணியும் எடுத்தேன். தையல்நாயகி ஒன்றும் கேளாமல் பழைய தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து வாளிக்குள் போட்டாள்.

"நானும் வரவா? எனக்கு பஸ் சும்மாதான்."

"வேண்டா. இது நான் போக வேண்டியது."

"பத்து மணிக்கு மாத்திரை. மறந்துடாதீங்க."

முதலில் எங்கள் நிறுத்தத்துச் சுவர். திருநாமத்தை விட்டுவிட்டு, கீழே உள்ள பொய்யை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். அடியிலிருந்து தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். என் பெயர் எளிதில் வந்துவிட்டது. அதற்குமேல் பசை இறுகியிருந்தது. தோசைத் திருப்பி பட்ட இடமெல்லாம் அவர் முகம்தான் பிய்ந்தது. ஒரு கன்னம் போயிற்று, சிரிப்பில் பாதி போயிற்று. அந்த முகத்தை மேலும் சிதைக்க என்னால் முடியவில்லை. மேல் விளிம்பு மட்டும் காற்றில் லேசாகப் பிரிந்திருந்தது. அங்கிருந்து இழுத்தால் தாள் முழுதாக உரிந்து வரும். அங்கே திருநாமம் இருந்தது.

வாளியைக் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். அதனால் ஆகப்போவது ஏதுமில்லை என்றும் தெரிந்தது. சிவப்பெழுத்தின் கீழ் விரலை நுழைத்து இழுத்தேன். குறுக்காகக் கிழிந்து வந்தது.

"யோவ் பெருசு!" இருசக்கர வண்டியில் போன ஒருவர் காலூன்றி நின்றார். நெற்றியில் பட்டை, ஆடி வெள்ளிக்குக் கோவிலுக்குப் போகிறவர்போலும். "சாமி பேரு போட்டிருக்கறது கண்ணு தெரியல?"

"தெரிகிறது."

"தெரிஞ்சே கிழிக்கிறியா?"

"ஆமாம்."

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் 'குடிச்சிருக்கான்' என்றார். இன்னொருவர், 'பாத்தா பெரிய மனுசனா இருக்காரு' என்றார். வண்டிக்காரர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

"பேரு என்ன? சொல்லு, பேரு என்ன?"

"சிவக்கொழுந்து" என்றேன். தகப்பனார் பெயர், வயது, கதவு எண், தெரு என்று அவர் கேளாதவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எதற்கோ காத்திருந்தார். நான் ஏதேனும் விளக்கம் சொல்வேன் என்று நினைத்தார் போலும். எத்தனையோ விளக்கம் வாயில் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் எதுகையோடு வந்திருக்கும். "புகார் கொடுப்பதானால் பணிமனையில் கொடுங்கள். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்பார்" என்று மட்டும் சொன்னேன்.

உரித்த தாளை மடித்து வாளியின் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் எஞ்சிய துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தேன்.

இருட்டுவதற்குள் ஒன்பது முடிந்தன. வலது கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணுகிறது. மாத்திரையை மறந்துவிட்டேன்.

இன்னும் பத்தொன்பது சுவர்களில் அவர் நிற்கிறார்.